பேக் பட்டனும் எங்கள் நைனாவும்

திருப்பதியில் ஒரு சின்ன சாப்ட்வேர் கம்பெனியில் எனக்கும் என்னோடு கல்லூரியில் படித்த நண்பனுக்கும் ஒன்றாக வேலை கிடைத்தது. எனக்கு நகரிப் பக்கம், அவனுக்குப் புத்தூர். தினமும் ஒரே பஸ். காணிப்பாக்கத்து லாட்ஜ் ஒன்றுக்கு, போனிலேயே ரூம் புக் செய்கிற வெப்சைட் எழுதிக்கொண்டிருந்தோம். தேதி, ரூம், ஆட்களின் பெயர், வயது என்று ஒன்றன்பின் ஒன்றாகத் திரைகள் வரும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கழனியிலிருந்து வந்த அப்பாவிடம், எங்கள் நைனாவிடம், போனைக் கொடுத்து, "நீயே ஒரு ரூம் போடு நைனா" என்றேன். எழுத்தெழுத்தாகத் தேடி வீட்டிலுள்ள ஆறு பேரின் பெயரையும் அடித்தார். தேதி தப்பு என்று அப்புறம்தான் கவனித்தார். முந்தைய திரைக்குப் போக பேக் பட்டனை அழுத்தினார். சைட்டே மூடிக்கொண்டது.

"நான் இன்னா பண்ணேன்? எல்லாம் பூட்ச்சே" என்று, எதையோ உடைத்துவிட்டவர் போல, போனை இரண்டு கையாலும் நீட்டினார்.

தப்பு எங்களுடையது. திரை மாறினாலும் வெப்சைட்டின் முகவரி மாறாதபடி எழுதியிருந்தோம். பிரவுசருக்கு எல்லாம் ஒரே பக்கம். பேக் என்றால் அதற்கு வெளியே போகத்தான் தெரியும். இரண்டு வாரம் உட்கார்ந்து மாற்றினேன். ஒவ்வொரு திரைக்கும் தனி முகவரி கொடுத்து, பின்னால் போனாலும் அடித்ததெல்லாம் அப்படியே இருக்கும்படி செய்தேன். நைனா சங்கதியைப் பஸ்ஸில் அவனிடமும் சொன்னேன். அவனுடைய அப்பா நாங்கள் படிக்கும்போதே இறந்துவிட்டார். சாவுக்கு நான் போயிருந்தேன்.

பெங்களூரிலிருந்து பெரிய கம்பெனிக்காரர்கள் எங்கள் வேலையைப் பார்க்க வந்தபோது மேனேஜர் அவனைப் பேசச் சொன்னார். அவனுக்குத் தெலுங்கும் இங்கிலீஷும் தடங்கலில்லாமல் வரும். தன் அப்பா கழனியிலிருந்து வந்ததையும், ஆறு பெயர் அடித்ததையும் சொன்னான். போனை இரண்டு கையாலும் நீட்டியதைக்கூட விடவில்லை. வந்தவர்கள் சிரித்தார்கள். அதைப் பார்த்துத்தான் இந்தக் கோடிங்கை எழுதினேன் என்று முடித்தான். யார் எழுதியது என்று மேனேஜருக்குத் தெரியும். அவர் என் பக்கம் திரும்பவில்லை.

மாடிப்படியில் அவனை நிறுத்தினேன். "கோடிங் உன்னுதுன்னு சொல்லிக்கினது கூட இருக்கட்டும். எங்க நைனாவ ஏன்டா எடுத்த?"

"இப்பிடிச் சொன்னாத்தான் கேக்கறாங்க. நீ எப்பிடியும் பெங்களூரு வரப்போறதில்ல. பொம்பளப் புள்ளைய உங்க வூட்ல அனுப்ப மாட்டாங்க."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

அவன் படியிறங்கிப் போய்விட்டான். அடுத்த மாதமே பெங்களூரில் அவர்களிடமே வேலைக்குச் சேர்ந்தான்.

"அந்தப் பையன் இன்னாம்மா வர்றதே இல்ல?" என்று நைனா கேட்டபோது நடந்ததைச் சொன்னேன். "எனக்குத் தெரியாதத அவன் சொன்னப்ப அவங்கள்லாம் சிரிச்சாங்களா?" என்றார்.

"இல்ல நைனா" என்றேன்.

மூன்று மாதம் கழித்துச் சென்னையில் வேலை தேடிக்கொண்டேன். நீயே போய் வா என்று நைனாதான் பஸ் ஏற்றிவிட்டார். நண்பன் இரண்டு முறை போன் செய்தான். நான் எடுக்கவில்லை.