ரோலர் நின்ற நாள்

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் அவளை எல்லோரும் ரோலர் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பதினெட்டு வருஷமாக ஒரே மெஷின். ஈரப் படுக்கை விரிப்பை இந்தப் பக்கம் செருகினால், கொதிக்கும் உருளையைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் சுருக்கமில்லாமல் வந்து விழும். சேர்ந்த அன்றே சூப்பர்வைசர் சொன்ன பாடம் ஒன்றே ஒன்று: நடுவில் நிறுத்தினால் உள்ளே இருப்பது கருகிவிடும், ஆகவே ஷிப்ட் முடியும்வரை ரோலர் நிற்கக் கூடாது. அதை அவள் வேதவாக்காக எடுத்துக்கொண்டாள். காய்ச்சலோடு வேலை செய்திருக்கிறாள், கால் வீங்கிப்போய்ச் செய்திருக்கிறாள். ரோலரை மட்டும் நிறுத்தியதில்லை.

போன வருஷம் அவளுடைய தம்பி தற்கொலை செய்துகொண்டான். அந்த வார்த்தையை வீட்டில் யாரும் வாயில் எடுப்பதில்லை. மாரடைப்பு என்று அண்ணன் ஊரெல்லாம் சொல்லிவைத்தார். முப்பத்திரண்டு வயசிலா என்று இழுத்தவர்களிடம், "இப்பல்லாம் யாருக்கு வேணா வருதுங்க" என்று வியாக்கியானம் வேறு. அவளும் வாயைப் பூட்டிக்கொண்டுதான் இருந்தாள். இப்படிச் சொந்தங்களை இழந்தவர்களைப் பற்றி ஒரு பெண் ஆவணப்படம் எடுக்கிறாள் என்று கேள்விப்பட்டதும் தானாகப் போய்ப் பெயர் கொடுத்தாள்.

அண்ணன் தாம்தூம் என்று குதித்தார். "குடும்ப மானத்தைப் படம் போட்டுக் காட்டப்போறியா?"

குதிக்கட்டும். ஒரு விஷயத்தை ஒரே ஒரு தடவை அவள் சத்தமாகச் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் பைத்தியம் பிடித்துவிடும்.

தம்பி செத்த அன்றைக்குக் காலை பத்தரை மணிக்குச் சலவைக்கூடத்து ஆபீஸ் போனில் கூப்பிட்டிருந்தான். செல்போனை லாக்கரில் வைத்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும் என்பது அங்கே சட்டம். சூப்பர்வைசர் கதவருகே வந்து கத்தினார். "உன் தம்பி லைன்ல இருக்கான். ரெண்டே நிமிஷம் பேசணுமாம்."

"போயிட்டு வரட்டா சார்?"

"ரோலர் ஓடுதுல்ல? யாரு பாத்துக்குவா?"

"அப்ப சாயங்காலம் பேசறேன்னு சொல்லிடுங்க."

அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சாயங்காலம் அவன் இல்லை.

படப்பிடிப்பு சலவைக்கூடத்திலேயே நடந்தது. வேலை செய்யும் இடத்தில் பேசினால் இயல்பாக இருக்கும் என்று இயக்குநர்ப் பெண் சொன்னாள். சூப்பர்வைசர் என்னவோ தன்னைத்தான் எடுக்கப்போகிறார்கள் என்பதுபோல் தலை வாரி, புதுச் சட்டை போட்டு வந்து நின்றார். ஒலிப்பதிவு செய்பவர் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றினார்.

"மெஷின் சத்தம் ரொம்ப விழுது. கொஞ்ச நேரம் நிறுத்த முடியுமா?"

அவளுக்குச் சிரிப்புதான் வந்தது. பாவம், விவரம் தெரியாத ஆள். அதெல்லாம் முடியாது என்று அவள் சொல்ல வாயெடுப்பதற்குள், "அதுக்கென்ன சார், தாராளமா!" என்று சூப்பர்வைசர் சிவப்புப் பொத்தானை அமுக்கினார். ரோலர் நின்றது. தீய்ந்த வாடை வந்தது. அவள் உள்ளே இருந்ததை இழுத்து எடுத்தாள். குறுக்கே உள்ளங்கை அகலத்துக்குப் பழுப்பாகக் கருகியிருந்தது.

"கருகிடுச்சு சார்."

"ஒரு விரிப்புதானே, போனாப் போவுது. நீ காமெராவைப் பாரு."

அவள் காமெராவைப் பார்க்கவில்லை. அவரையே பார்த்தபடி, அந்த வார்த்தை உட்பட எல்லாவற்றையும் சொன்னாள். அவருக்குத் திடீரென்று கைக்கடிகாரத்தைச் சரிசெய்யும் வேலை வந்துவிட்டது.

இயக்குநர்ப் பெண் மெதுவாகச் சொன்னாள். "நீங்க பேசியிருந்தா நடந்திருக்காதுன்னு யாராலயும் சொல்ல முடியாதுக்கா. உங்க மேல தப்பில்ல."

"டாக்டரும் அதத்தாம்மா சொன்னாரு. இருக்கட்டும். அவன் குரலையாவது கேட்டிருப்பேன்ல? இத நிறுத்தலாம்னு எனக்கு ஏன் யாருமே..."

ஆபீஸ் போன் அடித்தது. சூப்பர்வைசர் தப்பித்தோம் பிழைத்தோம் என்று ஓடினார். ஒலிப்பதிவு செய்பவர் கையைத் தூக்கினார்.

"ஸாரிக்கா, மணிச் சத்தம் விழுந்திருச்சு. கடைசி வரிய மட்டும் இன்னொரு தடவ சொல்றீங்களா?"

அதற்குள் சூப்பர்வைசர் கதவருகே வந்து நின்று கத்தினார். "வார்டுல விரிப்பு இல்லையாம். உடனே வேணுமாம்!"

கருகிய விரிப்பை நாலாக மடித்து மடியில் வைத்துக்கொண்டு அவள் ஸ்டூலில் உட்கார்ந்தாள். அவர் பக்கம் திரும்பவில்லை.

"சாயங்காலம் தரேன்னு சொல்லிடுங்க."