தண்ணீர் ஊற்றாதீர்கள்

அந்த ஆமைக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். அதன் முதுகு காய வேண்டும். அது நடந்துவிடக் கூடாது என்று ஓர் ஊரே கங்கணம் கட்டிக்கொண்டு நின்றது.

திருவாரூர் பக்கம் சம்பா அறுவடை. நான் அறுவடை மெஷினோடு ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தேன். டீசல் கேன் தூக்குவது, கிரீஸ் அடிப்பது, பெல்ட்டில் சிக்கும் வைக்கோலைப் பிடுங்குவது என் வேலை. அதற்கு முன் போர்வெல் லாரி, அதற்கும் முன் திருப்பூரில் சாயப்பட்டறை. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்துபோனவனுக்கு எந்த வேலையையும் வேண்டாம் என்று சொல்லிப் பழக்கம் இல்லை. படுப்பது மெஷினுக்கு அடியில். மழை பெய்தால் ஏதாவது ஒரு வராந்தா.

ஈரம் காயாத வயல் ஒன்றில், மெஷின் சக்கரங்களைச் சுற்றிய பெல்ட் ஏறி இறங்கிய தடத்தில் அது கிடந்தது. கறுத்த ஓடு, சாப்பாட்டுத் தட்டு அகலம். பின்பக்கம் ஓடு விரிந்து ரத்தம் கசிந்தது. டிரைவர் எட்டிப் பார்த்துவிட்டு, "வாய்க்கால்ல தூக்கிப் போட்டுட்டு வாடா, பொழச்சுக்கும்" என்றார். ஏன் போடவில்லை என்று பிறகு பலர் கேட்டார்கள். கையில் எடுத்தேன், போடவில்லை. அதற்கு மேல் காரணம் கிடையாது.

கால்நடை மருந்தகத்தில் டாக்டரம்மா அதைக் கொஞ்ச நேரம் சும்மா பார்த்தார். "மாடு, ஆடு, நாய், கோழி பாத்திருக்கேன். இது எனக்கு முதல் தடவைங்க." கூடப் படித்தவர் யாருக்கோ போன் போட்டுக் கேட்டுக் கேட்டு, சலைன் விட்டுக் கழுவி, விரிசலைச் சேர்த்துக் கட்டி, ஊசி போட்டார். வன அலுவலகத்துக்கும் அவரே தகவல் சொன்னார். குணமாகும் வரை உங்கள் பார்வையில் இருக்கட்டும் என்று பதில் வந்தது. அவர் பார்வை என்றால் என் தலை.

"காயத்துல ஈரமே படக் கூடாது. உள்ள தண்ணி போச்சுன்னா அழுகிரும். சாயங்காலம் மட்டும் கொஞ்ச நேரம், கால் நனையுற அளவு தண்ணியில விடுங்க. தீனியையும் அதுலயே போடுங்க. மத்த நேரமெல்லாம் காய்ஞ்ச இடம்தான்."

மறுநாள் மெஷின் அடுத்த ஊருக்குக் கிளம்பியது. நான் ஏறவில்லை. மெஷின் இன்னொன்று வரும்.

தங்க இடம் தேடியதுதான் பெரும்பாடு. ஆமை வீட்டுக்குள் வந்தால் குடும்பம் உருப்படாது என்று ஒரு கதவும் திறக்கவில்லை. கடைசியில் அந்த வயலுக்குச் சொந்தக்கார அக்கா தன் மோட்டார் கொட்டகையைக் கொடுத்தார். ஐம்பது வயதிருக்கும், தனியாக நின்று விவசாயம் பார்ப்பவர். "வீட்டுக்குள்ள வந்தாத்தான் ஆகாது தம்பி. வெளியில இருந்தா அது பெருமாள்."

பழைய மீன் பெட்டியில் சாக்கு விரித்து ஆமையை விட்டேன். பகலில் வைக்கோல் கட்டு ஏற்றப் போனேன். முதல் நாள் திரும்பி வந்தபோதே பெட்டியில் பாதி தண்ணீர். ஆமை மிதந்தது. காயக்கட்டு ஊறித் தொங்கியது. "நா வறண்டு கெடந்துச்சு, பாவம்" என்றார் வரப்பில் புல் அறுத்துக்கொண்டிருந்தவர். ஊற்றியது தான் இல்லை என்றும் சேர்த்துச் சொன்னார். நான் ஒவ்வொருவரிடமும் விளக்கினேன். எல்லோரும் தலையாட்டினார்கள். தலையாட்டிவிட்டுப் போய் ஊற்றினார்கள்.

ஆற்றில் தண்ணீர் வருமா வராதா என்று வருஷம் முழுக்க மேட்டூர்ச் செய்தியைப் பார்த்துக்கொண்டிருக்கிறவர்கள். காய்ந்து கிடக்கும் எதைக் கண்டாலும் கை தானாக மடையைத் திறக்கப் போய்விடுகிறது. இது எனக்குப் புரிந்தது. புரிந்து என்ன செய்ய, கட்டு ஈரமாகத்தானே இருந்தது.

கதவில் கரித்துண்டால் பெரிதாக எழுதினேன்: தண்ணீர் ஊற்றாதீர்கள். அன்று சாயங்காலம் பெட்டிக்குள் வெள்ளையாக இருந்தது. பால்காரர் சைக்கிளை நிறுத்தி நியாயம் பேசினார்.

"தண்ணி ஊத்தாதீங்கன்னுதானே எழுதியிருந்தீங்க. அதான் பால் ஊத்துனேன்."

அவர் சிரிக்கவில்லை. பாலுக்கு ஈ வந்தது, ஈக்குப் பின்னால் காயத்தில் புழு வந்தது. டாக்டரம்மா இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்தார். "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா கையை விரிக்க வேண்டியதுதான். நீங்க பாத்துக்கிறீங்களா, இல்ல ஊர் பாத்துக்குதா?" ஊர்தான் பார்த்துக்கொண்டது.

கொட்டகைக்குப் பூட்டுப் போட்டேன். சாவி என்னிடம் ஒன்று, மோட்டார் போட அக்காவிடம் ஒன்று. சில நாள் நிம்மதி. பிறகு ஒரு சாயங்காலம் பூட்டைத் திறந்தால் ஓடு முழுக்க ஈரம், அதன்மேல் மஞ்சள், குங்குமம்.

"அக்கா, நீங்களுமா?"

"வெள்ளிக்கிழமை தம்பி."

"வெள்ளிக்கிழமைன்னா?"

"குளிக்க வைக்காம எப்படிப் பொட்டு வைக்கிறது?"

வாய்க்கு வந்ததையெல்லாம் பேசினேன். இது பெருமாளும் இல்லை, ஒன்றும் இல்லை, அடிபட்ட ஆமை, நீங்களே கொன்றுவிடுவீர்கள் என்றேன். அவர் முழுவதையும் கேட்டுக்கொண்டு நின்றார்.

"என் வயல்ல அறுத்த மெஷின்தானே ஏறுச்சு" என்றார். "இது செத்துப்போச்சுன்னா அந்த நெல்லு சோறு எனக்குத் தொண்டையில எறங்குமா? நானும் எதாவது செய்யணும்ல. நீ ஒண்ணும் செய்யாத, ஒண்ணும் செய்யாதங்குற."

அதுவரை ஊற்றாதே என்று மட்டும்தான் எல்லோருக்கும் சொல்லியிருந்தேன். சாயங்காலத் தண்ணீரையும் தீனியையும் அக்காவிடமே விட்டேன். முதுகில் ஒரு சொட்டுப் பட்டாலும் சாவியைத் திருப்பி வாங்கிவிடுவேன் என்றேன். "என் கொட்டகைச் சாவிய நீ வாங்குவியா?" என்றார். ஆனால் ஒப்புக்கொண்டார்.

அதன் பிறகு ஒருவராலும் கிட்டே வர முடியவில்லை. பால்காரர் சைக்கிளை மெதுவாக ஓட்டினாலே, "என்ன மாமா, இன்னைக்குப் பெருமாளுக்கு டீ போட்டுக் கொண்டாந்தீங்களா?" என்று கொட்டகையிலிருந்து குரல் வரும். அடுத்து என்மேல் பாய ஆரம்பித்தார். தீனிக்கு நான் பொறுக்கி வந்த நத்தை சின்னது, சாக்கை நான் உதறும் லட்சணம் சரியில்லை, கதவை ஒருக்களித்து வைத்தேன், ஈ வருகிறது. எனக்கு மெஷினே தேவலாம் என்று இருந்தது.

பங்குனியில் வாய்க்கால்கள் காய்ந்துவிட்டன. ஊர்க் குளத்தில் நடுவில் மட்டும் தண்ணீர் மிச்சம். இன்னும் நாள் தள்ளிப் போனால் ஆமையை விட இடம் இருக்காது. டாக்டரம்மா கட்டைப் பிரித்து, விரலால் அழுத்திப் பார்த்தார். "மூடிக்கிச்சு" என்றார். வன அலுவலகத்துக்குப் போன் செய்துவிட்டு, "விட்டுரலாம்" என்றார்.

அன்னக்கூடையில் வைத்து அக்காதான் தூக்கி வந்தார். என்னைத் தொட விடவில்லை. தண்ணீருக்கு ஒரு முழம் தள்ளிச் சேற்றில் இறக்கினோம். ஆமை தலையை உள்ளே இழுத்துக்கொண்டு கல் மாதிரி கிடந்தது. நின்றோம். வெயில் ஏறியது. அது நகரவே இல்லை. அக்கா என்னைப் பார்த்தார்.

"இப்பவாவது ஊத்தலாமா தம்பி?"

"ஊத்துங்க."

இரண்டு கையாலும் அள்ளி முதுகின்மேல் ஊற்றினார். மறுபடி அள்ளி ஊற்றினார். கழுத்து வெளியே வந்தது, பிறகு கால்கள். சேற்றில் ஒரு தடம் இழுத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டது.

அக்கா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டார்.

"தண்ணி ஊத்துனா எல்லாம் சரியாப் போயிரும்னு நான் அன்னைக்கே சொன்னேன்" என்றார்.