இருவர் போய் ஒருவன் குளித்த கீரிமலை

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு யாழ்ப்பாணத்தில் ரயில் ஏறினோம். நானும் முருகேசுவும், மாற்றுடுப்பு வைத்த என் பெட்டியும். மூன்றாம் வகுப்பு. யன்னலால் கரித்தூள் வந்து வேட்டியெல்லாம் கறுப்பு.

வெந்நீர் ஊற்றுப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் திருகோணமலைப் பக்கம் கன்னியாவுக்குப் போகவேண்டும். எங்கள் பக்கத்தில் ஊறுவது குளிர்ந்த தண்ணீர். கீரிமலையில் கடலோடு ஒட்டினாற்போலக் கேணி இருக்கிறது. அதில் தண்ணீர் தானாக ஊறுகிறது. அதில் முழுகினால் கைகால் பிடிப்பு, வாதம் எல்லாம் போகும் என்று சனம் நம்புகிறது.

முருகேசு நான் வேலை செய்யும் அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோர்ப்பவன். நாள் முழுக்க நின்றபடி வேலை. வலது முழங்கால் வீங்கி இரண்டு மாதம். நாட்டு வைத்தியம் பார்க்கும் பரியாரி கொடுத்த எண்ணெய் கேட்கவில்லை. கீரிமலைக்குப் போவோம் என்று இரண்டு கிழமையாக நான்தான் அவனை நச்சரித்தேன்.

அவன் மறுத்தான். முருகேசுவின் சாதியை நான் எழுதமாட்டேன். கேணியில் இறங்க விடாத சாதி. அவ்வளவு போதும்.

"அங்கை ஆர் உன்னை அறியப்போகினம்?" என்றேன்.

"அறியாட்டிலும் கேப்பினம், அண்ணை."

"கேட்டால் நான் இருக்கிறன்தானே. வா."

எட்டு மணிக்குக் காங்கேசன்துறை. அங்கிருந்து கடற்கரை வழியே மேற்கே இரண்டு மைல். மாட்டுவண்டிக்காரன் முப்பது சதம் கேட்டான், இருபத்தைந்துக்கு வந்தான். ஒரு பக்கம் தாழை, மறுபக்கம் சுண்ணாம்புக் கல் வெட்டின பள்ளங்கள். கடல் அன்று தகடு மாதிரிக் கிடந்தது. முருகேசு பாட்டு முணுமுணுத்துக்கொண்டு வந்தான். அவன் பாடி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

ஒன்பது மணிக்குக் கேணியடி. ஆண்களுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று. கற்படி இறங்குகிறது. சுவருக்கு அப்பால் அலை அடிக்கிறது. பத்துப் பன்னிரண்டு பேர் குளித்துக்கொண்டிருந்தார்கள். முருகேசு துண்டை உடுத்துக்கொண்டு இரண்டாம் படியில் இறங்கி வலது காலைத் தண்ணீருக்குள் வைத்தான். "ஆ!" என்றான், சின்னப் பிள்ளை மாதிரி.

மேற்படியில் கடுக்கன் போட்ட பெரியவர் ஒருவர் தலை துவட்டிக்கொண்டு இருந்தார். முகம் நிறையச் சிரிப்பு.

"தம்பி எவடம்?" என்று அவனைக் கேட்டார்.

"கொழும்புத்துறை ஐயா."

"கொழும்புத்துறையிலை ஆற்றை மகன்?"

எங்கள் ஊரில் இந்தக் கேள்வி எதற்கென்று எல்லாருக்கும் தெரியும். தகப்பன் பெயர் சொன்னால் சாதி வெளியே வந்துவிடும். முருகேசு குனிந்து தண்ணீருக்குள் இருந்த காலைப் பார்த்தான். குளித்துக்கொண்டிருந்த இரண்டு பேர் திரும்பினார்கள். ஒருவன், "என்ன, தேப்பன்ரை பேர் மறந்துபோச்சோ?" என்றான். மற்றவன் சிரித்தான். பெரியவர் என்னைப் பார்த்தார்.

"உம்மோடை வந்தவரோ?"

நான் சொன்னேன்: "இவன் என்ரை பெட்டி தூக்கி வந்தவன், ஐயா. குளிக்க வரேல்லை. டேய், மேலை ஏறு."

என் வாயால் சொன்னேன். ஒருவரும் கழுத்தைப் பிடித்துச் சொல்லச் சொல்லவில்லை.

முருகேசு காலை வெளியே எடுத்தான். படியேறிப் போய்ப் பூவரச மரத்தடியில் என் பெட்டிக்குப் பக்கத்தில் குந்தினான்.

பிறகு நான் குளித்தேன். மறைக்கமாட்டேன். ஒரு மணித்தியாலம் குளித்தேன். உடனே எழும்பினால் சந்தேகப்படுவார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதுவும் பாதிப் பொய். தண்ணீர் அவ்வளவு நன்றாக இருந்தது.

பெரியவர் நல்ல மனிதர் என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். எனக்குப் புட்டும் வாழைப்பழமும் தந்தார். பகல் இரண்டு மணிக்குத் தன் வண்டியிலே ஏறச் சொன்னார்.

"காங்கேசன்துறைக்குத்தான் போறன், ஏறும் தம்பி. உவன் பின்னாலை நடந்து வரட்டும்."

ஏறினேன். முருகேசு இரண்டு மைலும் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு வண்டிக்குப் பின்னால் நொண்டி நொண்டி வந்தான். நான் பெரியவரோடு புகையிலை விலை கதைத்தேன். ஒரு தடவைதான் திரும்பிப் பார்த்தேன். அவன் நிலத்தைப் பார்த்து நடந்துகொண்டிருந்தான்.

ரயிலடியில் பெரியவர் போனதும் பெட்டியைப் பிடித்து இழுத்தேன்.

"விடுங்கோ அண்ணை. அவற்றை வண்டி இன்னும் சந்தி திரும்பேல்லை. கண்டால் எனக்குத்தான் அடி."

நாலு மணி ரயில். நாங்கள் ஏறின ரயில்பெட்டியில் வேறு ஆளில்லை. முருகேசு எதிரே இருந்து முழங்காலைத் தடவினான். காலையில் இருந்ததைவிட வீக்கம் கூட. திட்டுவான் என்று பார்த்தேன். திட்டியிருந்தால் நல்லது.

தெல்லிப்பழை தாண்டினபிறகு கேட்டான்.

"தண்ணி உப்போ, அண்ணை?"

எனக்கு விளங்கவில்லை.

"வீட்டிலை மனுசி கேப்பாள். நேற்று இரவிரவாய் இருந்து துண்டு தோய்ச்சுத் தந்தவள். குளிச்சனானெண்டுதான் சொல்லப்போறன். சொல்லுங்கோ, உப்போ?"

"கொஞ்சம் உப்பு," என்றேன்.

"ஆழமோ?"

"நடுவிலை நெஞ்சளவு. அடியிலை கல்லு வழுக்கும். ஒரு மூலையிலை தண்ணி குமிழி விட்டு வரும், அதிலை காலை வைச்சால் குளிர் ஏறும்."

அவன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். யாழ்ப்பாணம் வரும்வரை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தேன்.