அங்கமுத்து செய்த கரிவண்டி

சேலத்தில் சிலருக்கு அங்கமுத்துவை, பிளாஸ்டிக் கட்டைகளால் ரயில் செய்தவராகத் தெரியும். எங்கள் ஊரில் அவருக்கு வேறு பெயர். அதை இங்கே எழுதப் போவதில்லை. அவர் என் தாய்மாமன். மஞ்சள் காமாலை கண்டு, சென்ற வெள்ளிக்கிழமை இறந்தார்.

ஓமலூரைத் தாண்டி மேச்சேரிக்குப் போகும் வழியில், மேட்டூர் ரயில் பாதையை ஒட்டி இருக்கிறது எங்கள் நெசவாளர் தெரு. மாமாவும் தறி வீட்டில் பிறந்தவர்தான். ஆனால் கல்யாணமான புதிதில் தறியை விட்டுவிட்டு, சேலம் செவ்வாய்ப்பேட்டையில் பிளாஸ்டிக் சாமான் வார்க்கும் ஒரு சிறிய பட்டறைக்கு வேலைக்குப் போய்விட்டார். கைப்பிடியை இழுத்து அழுத்துகிற இயந்திரத்தில் அவருக்கு வேலை. சோப்பு டப்பா, சீப்பு என்று வார்த்துக்கொண்டிருந்த பட்டறை, எண்பதுக்குப் பிறகு ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும் விளையாட்டுக் கட்டைகளையும் போட ஆரம்பித்தது. பிசிறு தட்டியவை, நிறம் கலங்கியவை எல்லாம் கழிவில் போகும். முதலாளியிடம் கேட்டு அவற்றைச் சாக்கில் கட்டி வீட்டுக்குக் கொண்டுவருவார். பிள்ளையில்லாத வீட்டில் இதெல்லாம் எதற்கு என்று அத்தை மாரக்காள் ஒருநாளும் கேட்டதில்லை.

அந்தக் கட்டைகளால் அவர் ரயில் கட்டினார். பழுதான டேப் ரிக்கார்டரின் மோட்டார் ஒன்று என்ஜினுக்குள் இருந்தது. சேலத்தில் தபால்தலை, நாணயம், தீப்பெட்டிப் படம் சேகரிப்பவர்கள் சேர்ந்து, வருஷத்துக்கு ஒருமுறை கல்யாண மண்டபம் ஒன்றில் பொழுதுபோக்குக் கண்காட்சி நடத்துவார்கள். முதல் இரண்டு வருஷம் மாமா அங்கே சும்மா ஒரு ஸ்டேஷனும் சுற்றி வரும் வண்டியுமாக வைத்தார். மூன்றாவது வருஷம் வைத்தது எங்கள் ஊரை.

அதற்குக் காரணம் என் அம்மா. மாமாவின் ஒரே தங்கை, பாவாயி.

நெசவுக்கு முன்னால், தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூலை நீளமாக இழுத்துக் கட்டி, கஞ்சி தடவி, பெரிய பிரஷால் நீவி உலர்த்த வேண்டும். அதற்கென்று ஊர் நடுவில் இருந்த பாவடியில் தண்ணீர்த் தொட்டி கட்டிவிட்டார்கள். மீதியிருந்த நிழல் ரயில் பாதைக்குப் போகும் வண்டித் தடத்தில்தான்; இருபுறமும் புளியமரங்கள். ஆனால் தடம் நீளம் போதாது. இந்தப் பக்கம் பஸ் போகும் தார்ச்சாலை. அதனால் பாவின் முனையை இழுத்துப் பிடிக்கும் தலைக்கயிற்றைத் தண்டவாளத்துக்குக் குறுக்கே கொண்டுபோய், அந்தப் பக்கம் அடித்த முளையில் கட்டினார்கள். காலைப் பாசஞ்சர் மேட்டூருக்குப் போனதும் "வண்டி போயிருச்சு" என்று ஒருத்தி குரல் கொடுப்பாள். கயிறு ஏறும். சாயங்காலம் வண்டி திரும்பும் வரைக்கும் அந்த லைனில் எதுவும் வராது. எத்தனையோ வருஷப் பழக்கம். முளையடியில் நின்று கயிற்றைத் தளர்த்தி இறுக்குவது அம்மாவின் வேலை.

மேட்டூர் அனல் மின் நிலையத்துக்கு நிலக்கரி ஏற்றிய கரிவண்டிகள் வரத் தொடங்கியபோது அந்தக் கணக்கு உடைந்தது. அவற்றுக்கு நேரம் கிடையாது. கிழக்கே பாதை ஒரு மேட்டை வெட்டிக்கொண்டு வளைந்து வருகிறது. வளைவு தாண்டினால்தான் என்ஜின் கண்ணில் படும். ஆடி மாதத்து மேல்காற்றில் சத்தமும் இந்தப் பக்கம் வராது.

மாமா சொல்லிக்கொண்டே இருந்தார். அம்மா கேட்கவில்லை.

"பிளாஸ்டிக் உருக்கறவனுக்குப் பாவப் பத்தி என்ன தெரியும்? உன்ற சீப்பப் போயிப் பாருண்ணா."

"கரிவண்டி வந்தா என்ன பண்ணுவே?"

"கயித்த அவுப்பேன்."

"அவுக்கறதுக்குள்ள வந்துருச்சுன்னா?"

"கும்பிட்டு நிக்கச் சொல்றேன் போ. ஒரு மாசத்துச் சோறுண்ணா அந்தப் பாவு. உட்டுப்போட்டு ஓடச் சொல்றியா?"

அவள் ஓடமாட்டாள் என்பதுதான் மாமாவின் பயம். தரையில் நின்று பார்க்கிறவளுக்கு இது விளங்காது, மேலேயிருந்து பார்த்தால் விளங்கும் என்று அவர் நினைத்தார். பட்டறை முடிந்து வந்து மாதக்கணக்கில் உட்கார்ந்து கட்டினார். பச்சைக் கட்டைகளில் புளியமரம். சிவப்பில் வெட்டிய மேடு. வளைவை இரண்டு முறை பிரித்துக் கட்டினார். நிஜ வளைவு அவ்வளவு மறைப்பதில்லை என்று அத்தை சொன்னதற்கு, "நீ முளைகிட்ட நின்னு பாத்தியா?" என்றாராம். வெள்ளை நூலில் பாவு. அதன் இருபுறமும் ஆளுக்கு மூன்று கட்டையாக ஐந்து பெண்கள். யார் எங்கே நிற்பார்களோ, அங்கேயே நிறுத்தினார்.

கண்காட்சியின் கடைசி நாள், ஞாயிற்றுக்கிழமை. பாவு வேலை செய்யும் ஐந்து பேரையும் மாமா தன் செலவில் பஸ்ஸில் அழைத்துப் போனார். ஊறுகாயும் புளிச்சோறும் கட்டிக்கொண்டு திருவிழாவுக்குப் போவதுபோல் போனார்கள். ரயில் மேசையைச் சுற்றிக் கூட்டம்.

"ஏ, இது நம்ம ஊரு!"

"பிரசு புடிச்சிருக்கறவ காளியாத்தா அக்கா. முதுகு கூனியிருக்குது பாரு."

"எனக்கு எங்கடி கூனு? கட்டைய ஒழுங்கா வெக்கத் தெரியலைன்னு சொல்லு," என்றாள் காளியாத்தாள். அவர்களில் மூத்தவள், அவள் சொன்னால் தெருவில் மறுபேச்சு இல்லை.

"அந்தக் கடேசில நிக்கறது நானு," என்றாள் அம்மா. "அண்ணா, என்ற சேலை மஞ்சளா? நான் எப்ப மஞ்சக் கட்டினேன்?"

சிரித்துச் சிரித்து அவர்களுக்குக் கண்ணில் நீர் வந்தது. வேடிக்கை பார்க்க வந்தவர்களுக்குத் தங்களைச் சுட்டிக் காட்டினார்கள். கண்காட்சிச் செயலாளர் அர்த்தநாரி, அஞ்சலகத்தில் வேலை பார்த்தவர், மகிழ்ந்துபோய் எல்லாரையும் மேசைக்கு நெருக்கமாக விட்டார்.

மாமா கரிவண்டியை ஓட்டினார். கறுப்புக் கட்டையில் என்ஜின், பின்னால் பதினோரு வேகன். வளைவுக்குப் பின்னால் அது மறைந்தது, வெளியே வந்தது. நூலுக்கு ஒரு சாண் இருக்கும்போது நிறுத்துவதாகத்தான் அவர் திட்டம். நிறுத்திவிட்டு, "இங்கிருந்து பிரேக் போட்டாலும் நிக்காது, பாத்துக்க" என்று சொல்ல வேண்டும். வளைவுக்கும் கயிற்றுக்கும் எத்தனை தப்படி என்று நடந்து பார்த்து வைத்திருந்தார்.

ஆனால் அவர்கள் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அம்மா வண்டியைப் பார்க்கவில்லை. மஞ்சள் பொம்மையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். மாமாவின் விரல் சுவிட்சின் மேல் இருந்தது. அவர் அதை அழுத்தவில்லை.

என்ஜின் நூலில் மாட்டியது. இழுபட்ட நூலோடு முதலில் பிரஷ் பிடித்தவள் சாய்ந்தாள், பிறகு நடுவில் இருந்தவர்கள். கடைசியில் நின்ற மஞ்சள் பொம்மை முளையோடு பிடுங்கிக்கொண்டு தண்டவாளத்தில் விழுந்தது. மூன்று கட்டையும் தனித்தனியாகப் போயின. சக்கரத்தில் ஒன்று சிக்கி வண்டி நின்றது.

கூட்டம் கைதட்டியது. யாரோ, "இன்னொருக்கா உடுங்க" என்றார்.

அம்மா மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "அதுக்கா எங்களக் கூட்டியாந்தே?" என்றாள்.

"பாவாயி, நீ அங்க நிக்கக் கூடாதுன்னுதான்…"

"செத்தா எப்பிடி இருப்பேன்னு காட்டறதுக்கா?"

காளியாத்தாள் முந்தானையை இழுத்துச் செருகினாள். "உசுரோட நிக்கறவளப் பொம்மையாப் பண்ணி உருட்டறது ஆகாது சாமி. வாங்கடி போலாம்."

அன்று மாமாவுக்கு முதல் பரிசு கிடைத்தது. ஒரு சுவர்க் கடிகாரம். அதை அவர் மண்டபத்திலேயே விட்டுவிட்டு வந்தார். ஊர் திரும்பும் பஸ்ஸில் புளிச்சோறு தூக்கில் அப்படியே இருந்தது.

பெண்களுக்குப் பயம் பிடித்தது. ஆனால் தண்டவாளத்தின் மேல் பிடிக்கவில்லை. மாமாவின் மேல் பிடித்தது. அவர் வீட்டைத் தாண்டும்போது பெண்கள் தெருவின் மறுபக்கம் ஒதுங்கி நடந்தார்கள். அம்மா பதினைந்து நாள் முளையடிக்குப் போகவில்லை. பாவு தொய்ந்து போகிறது என்று மற்றவர்கள் முணுமுணுத்தார்கள். பிறகு போனாள். மாமா வழியில் நின்று கையைப் பிடித்தாராம். "இனி நீ எதும் சொல்லாதண்ணா. நீ சொல்லச் சொல்லத்தான் எனக்கு அந்த மஞ்சப் பொம்ம நெனப்பு வருது" என்று கையை விடுவித்துக்கொண்டாளாம்.

ஆடி பிறந்தது. தீபாவளிச் சரக்குக்காகத் தெருவில் எல்லாத் தறியும் ஓடியது. ஒரு செவ்வாய்க்கிழமை பாசஞ்சர் போய்ச் சிறிது நேரத்தில், காற்று புழுதியைக் கிளப்பிக்கொண்டிருந்தபோது, வளைவில் கரிவண்டி வந்தது. மற்ற நால்வரும் பாவை விட்டு விலகி ஓடினார்கள். அம்மா கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். கஞ்சி பட்ட முடிச்சு இறுகியிருந்தது. அதற்கு மேல் நான் எழுதமாட்டேன்.

எங்களில் ஒரு பெண் இறந்தால், பிறந்த வீட்டுக் கோடிச் சேலையை அவள்மேல் அண்ணனோ தம்பியோ போர்த்த வேண்டும். அது இல்லாமல் தூக்க மாட்டார்கள். மாமா சேலையோடு வந்து வாசலில் நின்றார். காளியாத்தாள் குறுக்கே வந்து நின்றாள்.

"செஞ்சு பாத்த கையி. அந்தக் கையால வேண்டாம்."

என் அப்பா குமாரசாமி எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். மாமா சேலையை அத்தையிடம் கொடுத்தார். அத்தைதான் போர்த்தினாள். அவர் மயானத்துக்கும் தள்ளியே நடந்து வந்தார்.

பதினாறாம் நாள் முடிந்ததும் தெருக்காரர்கள் அவர் வீட்டுக்குப் போய்க் கட்டைகளைக் கேட்டார்கள். அத்தை சாக்குகளை எடுத்துக் கொடுத்தாள். வளைவு, மேடு, புளியமரம், கரிவண்டி எல்லாவற்றையும் கொண்டுபோய் ஏரியில் கொட்டினார்கள். பிளாஸ்டிக் மூழ்கவில்லை. கல் கட்டி மறுபடி போட்டார்கள். ஒரு கோழியும் அறுத்தார்கள்.

அடுத்த வாரம் பாவு கட்டினார்கள். அதே தடம், அதே முளை. கயிற்றடியில் காளியாத்தாளின் மருமகள் நின்றாள்.

மாமா அவளிடம் போனார். "அம்மிணி, கயித்த இந்தப் பக்கமே கட்டிக்கலாமில்ல?"

"அதான் அந்தச் சனியன ஏரில போட்டாச்சுங்களே," என்றாள் அவள், நல்ல மரியாதையோடு. "இனி என்னங்க பயம்?"

மறுநாளிலிருந்து மாமா பட்டறைக்குப் போகவில்லை. பாவு கட்டும் காலைகளில், வெட்டிய மேட்டின் மேல், வளைவின் இருபுறமும் தெரிகிற இடத்தில் போய் நின்றார். கையில் அத்தையின் பழைய சிவப்புச் சேலை. வண்டி தெரிந்தால் அதை வீசுவார். பெண்கள் கயிற்றை அவிழ்ப்பார்கள். வண்டி போன பிறகு அவர் பக்கம் திரும்பாமல் மறுபடி கட்டுவார்கள். இரண்டு வருஷத்துக்கும் மேல் அப்படி நின்றார். அந்தக் காலத்தில் அங்கே யாரும் சாகவில்லை. சனியன் ஏரியில் கிடப்பதால்தான் என்று தெருவில் சொல்கிறார்கள்.

இன்று காலை நான் வண்டித் தடத்துக்குப் போய், கயிற்றை இந்தப் பக்கமே கட்டச் சொல்லிப் பார்த்தேன். "உங்க மாமனாட்டம் பேசாதீங்க கண்ணு," என்றாள் காளியாத்தாள். பாசஞ்சர் போயிருந்தது. பாவு ஏறிவிட்டது, கயிறு தண்டவாளத்தின் மேல் விறைப்பாக நின்றது. மருமகள் முளையடியில் குந்தியிருந்தாள். நான் மேட்டைப் பார்த்தேன். அங்கே ஆள் இல்லை.