ஒரு கீறலும் இல்லாத பச்சைச் சைக்கிள்

தேவி அக்கா போய்விட்டார்.

இந்த நேரத்தில் ஊர்க் குறூப்பில் பதிவு போடுவதற்கு எல்லாரும் மன்னியுங்கோ. பிள்ளைக்குக் காய்ச்சல், இவர் நைட் ஷிஃப்ட். மடியில் பிள்ளையை வைத்துக்கொண்டு போனைத் தட்டும்போதுதான் மரண அறிவித்தலைக் கண்டேன். யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது... இந்த வெளிநாட்டில் சொல்ல ஒருவரும் இல்லை.

எங்கள் ஊர் மடத்துவெளியில் அக்கா எங்களுக்குப் பக்கத்து வளவு வீடு. சின்னப்பிள்ளைகளுக்கு நேசறி ரீச்சர். நான் சொல்வது தொண்ணூறாம் ஆண்டு, பெற்றோல் இல்லாத காலம். எனக்கு எட்டு வயது இருக்கும்.

அவருடைய கணவர் சிவம் அண்ணை பாஸ்போட் அலுவலாகக் கொழும்புக்குப் போனவர். வழியில் வவுனியாவில் கண்டதாகச் சொன்னார்கள். அதற்குப் பிறகு ஒரு செய்தியும் இல்லை.

வீட்டில் அவர் விட்டுப்போனது புதுச் சைக்கிள் ஒன்று. பச்சை. கடையில் பாரைச் சுற்றிக் கொடுத்த தாள்கூடக் கழற்றவில்லை. வாசல் படலையில் நின்று, "நான் வரேக்கை ஒரு கீறல் இருக்கக்கூடாது, சொல்லிப்போட்டன்" என்றாராம்.

பகிடிக்குத்தான். ஆனால் அவர் கடைசியாகச் சொன்னது அதுதானே...

நேசறிக்குப் பால்மா டின், சிலேட்டு எல்லாம் கொண்டுபோக அக்காவுக்கு முன்கூடை தேவைப்பட்டது. யாரோ ஒரு கம்பிக்கூடை கொடுத்தார்கள். அப்பா உதவி செய்கிறேன் என்று துளைக்கிற சாமானோடு போய் நின்றார்.

"மட்காட்டிலை ரெண்டு ஓட்டை, கழுத்திலை ஒரு இறுக்கு. வேலை முடிஞ்சுது."

"ஓட்டையோ? அண்ணை, அவர் வந்து கேட்டா நீங்களே பதில் சொல்லுவியள்?"

"அப்ப கூடையைத் தலையிலை வைச்சுக்கொண்டு ஓடும்."

அக்கா தானே பூட்டினார். பழைய சைக்கிள் ரியூப்பை நாடா நாடாவாக வெட்டி, கூடை படுகிற இடமெல்லாம் சுற்றினார். அதற்கு மேல் பள்ளிக்கூடப் பையின் தோல்வாரால் கட்டினார்.

ஏறி மிதித்தால் சைக்கிள் அசையவில்லை. கூடை பிரேக் கம்பியை அமத்திக்கொண்டிருந்தது.

அப்பா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார். "தேவி, கூடை நல்ல வடிவு. சைக்கிள்தான் போகுதில்லை."

"சிரியுங்கோ, சிரியுங்கோ. நாளைக்குப் பாருங்கோ."

அடுத்த நாள் அம்மாவின் தையல்மெஷின் பெட்டியிலிருந்து வெறும் நூல்கட்டைகள் வாங்கிப் போனார். ஹாண்டிலுக்கும் கூடைக்கும் நடுவில் அவற்றை வைத்துக் கட்ட, பிரேக் கம்பிக்கு இடம் வந்தது. பாரம் ஹாண்டிலில் தொங்காமல் கூடைக்கு அடியிலிருந்து இரண்டு இரும்புப் பட்டைகளை இறக்கி, முன்சில்லு நட்டோடு சேர்த்து இறுக்கினார். சைக்கிள் பிரேமில் ஒரு ஓட்டைகூட இல்லை.

மீன் மட்டும் அந்தக் கூடையில் ஏறாது. "உப்புத்தண்ணி சொட்டும், பெயின்ற் போயிடும்" என்பார். கிணற்றடியில் ஒரு மாமி, அக்காவுக்குக் கேட்கத்தக்கதாகவே, "ஆளைக் காணேல்லை, பெயின்றைக் காக்கிறா" என்றார். அக்கா வாளியை எடுத்துக்கொண்டு போனார். அன்றைக்கு எங்கள் வீட்டுக்கும் வரவில்லை.

பிறகு, ஆமி வருகுது என்று ஊரே இடம்பெயர்ந்து வெளிக்கிட்ட நாள். வேலணைப் பாலம் முழுக்கச் சனம். அம்மாவுக்குக் காய்ச்சல், கையில் தம்பி... பிறந்து சில மாதம். அம்மாவால் தூக்க ஏலாமல் போய்விட்டது.

அக்கா கூடைக்குள்ளிருந்த தன் உடுப்புப் பொட்டலத்தை எடுத்து ரோட்டோரம் வைத்துவிட்டார். அதிலிருந்த ஒரு சேலையை மடித்து விரித்து, தம்பியைக் கூடைக்குள் கிடத்தினார். அவர் உருட்ட, நான் சைக்கிள் சீற்றைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்தேன். அவ்வளவு தூரமும் கூடை ஆடவே இல்லை.

வழியில் தம்பி மூத்திரம் பெய்துவிட்டான். முன்சில்லால் வடிந்தது. அம்மாதான் பதறினார். "ஐயோ தேவி, பெயின்ற்!"

"அதுக்கென்ன அக்கா. அவர் வந்தா நான் சொல்லிக்கொள்ளுறன்."

அந்த நேரத்திலும் அம்மா சிரித்தார்.

என் கலியாணத்துக்குப் பிறகு ஊருக்குப் போனபோது அக்கா திரும்பிவந்து தனியாக இருந்தார். தேத்தண்ணி தந்துவிட்டு அறைக்குள் கூட்டிக்கொண்டு போனார். சைக்கிள் நின்றது. ஒவ்வொரு பொங்கலுக்கும் கூடையைக் கழற்றித் துடைத்து, புது ரியூப் சுற்றுவாராம். எனக்காக அன்றைக்கும் கழற்றினார்.

"பார், கீறல் இருக்கோ?"

வெயில் படாத இடத்தில் பச்சை இன்னும் கரும்பச்சையாக இருந்தது. குனிந்து, விரலால் தடவித் தடவிப் பார்த்தேன்.

"இல்லை அக்கா. ஒண்டும் இல்லை."

அக்காவின் நெற்றியில் பெரிய குங்குமம். அவர் திரும்ப ரியூப்பைச் சுற்றத் தொடங்கினார்...

இன்றைய அறிவித்தலில் "காலஞ்சென்ற சிவத்தின் அன்பு மனைவியும்" என்று இருக்கிறது.

போட்டிருப்பது அக்காவின் தமையனின் மகன் ரூபன். ரூபன், உங்களில் பிழை சொல்லவில்லை. இத்தனை வருஷமாகிவிட்டால் அப்படித்தான் எழுதுவார்கள். ஆனால் அக்கா அந்தக் "காலஞ்சென்ற" என்ற சொல்லை ஒருநாளும் சொல்லவில்லை. மற்றவர்கள் சொன்னால் எழும்பிப் போய்விடுவார்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு அக்காவின் நினைவாகக் கல்வெட்டுப் புத்தகம் அடிப்பீர்கள்தானே. அதில் "சிவத்தின் மனைவி" என்று மட்டும் போடுங்கோ. அதுவே காணும்.

இவர் இன்னும் வரவில்லை. வெளியே காரின் சத்தம் கேட்கும்போதெல்லாம் எழும்பி ஜன்னலால் பார்க்கிறேன்.

போயிட்டு வாங்கோ அக்கா.

ரூபன், புத்தகம் பிரஸ்ஸுக்குப் போக முதல் கெதியாகப் பதில் போடுங்கோ. நான் முழித்துத்தான் இருக்கிறேன்.