இரண்டாவது எண்

செவ்வாய்க்கிழமை காலை ஒரு போன். புது எண், பெண் குரல். "சார், வசந்தி எங்க இருக்காங்கன்னு தெரியுமா? நான் அவங்க தோழி பேசுறேன்."

தோழி அல்ல. கள்ளக்குறிச்சியில் நடக்கும் ஒரு மருத்துவ ஆய்வின் கவுன்சலர். வெளியாளிடம் ஆய்வு பற்றி வாய் திறக்கக் கூடாது என்பது விதி. அதனால் தோழி. எனக்கு விஷயம் தெரியும் என்றதும் மீதியைச் சொன்னார்.

வசந்தி ஒரு திருநங்கை. (எழுதச் சம்மதித்தார்; இந்தப் பெயரைத் தேர்ந்தெடுத்ததும் அவரே.) மூன்றாம் மாதப் பரிசோதனைக்கு அவர் வரவில்லை. போனையும் எடுக்கவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் வராவிட்டால் பெயரை நீக்கிவிடுவார்கள். மாத்திரையும் நின்றுபோகும்.

இதற்கு என்னை ஏன் கேட்க வேண்டும்?

மூன்று மாதம் முன்பு, தனி இடஒதுக்கீடு கேட்டு கள்ளக்குறிச்சியில் திருநங்கைகள் மறியல் செய்தார்கள். எழுதுவதற்காகப் போயிருந்தேன். கைது, கல்யாண மண்டபம், எலுமிச்சை சாதம், மூன்று மணிக்கு விடுதலை. மற்றவர்கள் கூட்டமாக ஒரே பஸ்ஸில் ஏறினார்கள். வசந்தி மட்டும் பின்தங்கினார். ஓர் ஆபீஸுக்குப் போக வேண்டும், துணைக்கு வர முடியுமா என்று கேட்டார். போனேன்.

எச்.ஐ.வி. வராமல் தடுக்கும் மாத்திரை பற்றிய ஆய்வு அது. தினமும் ஒன்று. முன்பெல்லாம் இப்படிப்பட்ட ஆய்வுகளில் இவர்களை ஆண்கள் பட்டியலில் சேர்த்துவிடுவது வழக்கமாம்.

"நாங்க போடுற ஹார்மோன் மாத்திரையோட இது ஒத்துக்குமான்னு இன்னிக்கு வரைக்கும் எங்களை யாரும் கேக்கல சார். இவங்கதான் கேக்கறாங்க."

முதல் பக்கத்தில் 'திருநங்கை' என்று தனிக் கட்டம். பேனா அழுந்த டிக் அடித்தார்.

இரண்டாம் பக்கத்தில் வேறொரு கேள்வி... உங்களைத் தொடர்புகொள்ள முடியாவிட்டால் யாரைக் கேட்பது?

ஓர் எண் எழுதினார். சரிபார்க்க கவுன்சலர் டயல் செய்தார். வசந்தியின் கைப்பைக்குள் மணி அடித்தது — அவருடைய இன்னொரு சிம்!

சிரித்தோம். வசந்தியும்தான். பிறகு நிதானமாகச் சொன்னார். கல்வராயன் மலையில் அண்ணன் இருக்கிறார். கேட்டால் அப்படி யாரும் இல்லை என்று வைத்துவிடுவார். கூட இருந்த திருநங்கைகள்? மாத்திரை டப்பாவைப் பார்த்தால் நோய் வந்துவிட்டது என்றே பேசுவார்கள். அதற்குப் பயந்துதான் வடக்கனந்தலில் தனி ரூம் எடுத்திருக்கிறார்.

இரண்டாவது எண் இல்லாமல் சேர்க்க முடியாது என்றார் கவுன்சலர். ரத்தத்தில் மருந்து எவ்வளவு என்று துல்லியமாக அளக்கிறவர்கள், தேடுவதற்கு எல்லோருக்கும் ஓர் ஆள் இருக்கும் என்பதை மட்டும் அளக்காமலே எப்படி முடிவு செய்தார்கள்?

வசந்தி கைப்பையை மூடினார். நான் என் எண்ணைச் சொன்னேன். உறவு என்ற இடத்தில் 'தெரிந்தவர்' என்று எழுதினார்கள்.

அதன்பிறகு ஒருமுறைகூட நான் அவரை அழைக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை நானும் நான்கு முறை அடித்தேன். எடுக்கவில்லை. பஸ் பிடித்தேன். வடக்கனந்தலில் எந்தத் தெரு என்பதுகூட 'தெரிந்தவருக்கு'த் தெரியவில்லை. மூன்று இடத்தில் விசாரித்துப் போய்ச் சேர்ந்தபோது மதியமாகிவிட்டது.

கதவு திறந்திருந்தது. வசந்தி புடவைக்கு ஃபால்ஸ் தைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் போன். டப்பாவில் இன்னும் நான்கு மாத்திரை. ஒருநாளும் விடவில்லையாம்.

உடம்பு சரியில்லையா? நன்றாக இருக்கிறார். ஊருக்குப் போயிருந்தாரா? எங்கேயும் போகவில்லை. பின் ஏன் எடுக்கவில்லை?

ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார். "அந்த ரெண்டாவது நம்பருக்கு அடிச்சா யார்னா தேடிக்கினு வராங்களான்னு பாத்தேன் சார்."

நான் அடித்தபோதாவது எடுத்திருக்கலாமே?

"எடுத்திருந்தா போன்லயே விசாரிச்சிட்டு வச்சிருப்பீங்க."

உண்மைதான்.

புதன்கிழமை பரிசோதனைக்குப் போய்வந்தார். எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? மாலையில் அழைத்தேன் — முதல் ரிங்கிலேயே எடுத்தார்.