அப்பன் ஜாடை

கரும்பு வெட்டும் ஆட்கள் அப்பாவை மாசமாக இருப்பதாகக் கேலி செய்வார்கள். ஆள் ஒல்லி. வயிறு மட்டும் இரண்டு பக்கமும் புடைத்திருக்கும். "இன்னா மாமா, எத்தினி மாசம்? எப்ப வளைகாப்பு?" என்பான் ஒருவன். "உங்கக்காவத்தான் கேக்கணும்" என்று அப்பாவும் திருப்பிக் கொடுப்பார். சிரித்துவிட்டுக் கத்தியை எடுக்கும்போது விலாவுக்குக் கீழே கையை அழுத்திக்கொள்வார்.

சிறுநீரில் ரத்தம் போனபோது சூடு என்றார்கள். வாழைத்தண்டுச் சாறு குடித்தார், நின்றது. மறுபடி போனது. கால் வீங்கி, சோறே வேண்டாம் என்று ஆன பிறகுதான் கள்ளக்குறிச்சிக்குக் கூட்டிப் போனேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். கல்வராயன் மலையில் ஒரு பள்ளியில் அறிவியல் ஆசிரியராகச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. அதனால் டாக்டரம்மா ஸ்கேன் படத்தை என்னிடம்தான் காட்டினார். இரண்டு சிறுநீரகங்களும் குளத்து ஓரத்துத் தவளை முட்டைகள்போல ஒரே நீர்க்கட்டிகள்.

"இது பரம்பரையா வர்றது. அவரோட அப்பா எப்படி இறந்தாரு?"

தாத்தாவும் வயிறு வீங்கித்தான் செத்தார். சாராயம் என்று ஊர் சொன்னது. தன் அப்பா சாராயத்தைத் தொட்டதே இல்லை என்று எல்லோரோடும் சண்டை போடுவார் அத்தை. அவர் என் அப்பாவுக்கு அக்கா, தியாகதுருகத்தில் வாழ்க்கைப்பட்டவர்.

அப்பாவுக்கு டயாலிசிஸ் தொடங்கியது. மாற்றுச் சிறுநீரகம் கிடைத்தால் பிழைக்கலாம் என்றார்கள். அம்மாவுக்குச் சர்க்கரை, கொடுக்க முடியாது. அத்தை மறுநாளே பஸ் ஏறி வந்துவிட்டார். "என் தம்பிக்கு நான் தரேன். ரெண்டு கீதில்ல, ஒண்ண எடுத்துக்கங்க." அவருக்கும் ஸ்கேன் எடுத்தார்கள். அவருக்குள்ளும் அதே தவளை முட்டைகள். கொடுக்க வந்தவர் கையில் மாத்திரைச் சீட்டோடு உட்கார்ந்திருந்தார்.

டாக்டரம்மா என் பக்கம் திரும்பினார். அப்பாவுக்கும் எனக்கும் ஒரே ரத்த வகை. "பெத்தவங்கள்ல ஒருத்தருக்கு இருந்தா ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி. உங்களுக்கு இல்லாமலும் இருக்கலாம். டெஸ்ட் பண்ணிப் பாத்துடலாமே?"

எனக்கு முன்னால் அத்தை பதில் சொன்னார். "இவன் மூஞ்சியப் பாருங்கம்மா. மூக்கு, முழி, நடை எல்லாம் அப்பன உரிச்சு வச்சிருக்கான். இத்த மட்டும் வுட்டுட்டா வந்திருப்பான்? ஒரே புள்ள. தெரிஞ்சிக்கினு இன்னா பண்றது?"

"ஜாடைக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லம்மா."

"வேணாங்க," என்றார் அப்பா. "அவன வூட்டுக்கு அனுப்புங்க."

அந்த வாரம்தான் பத்தாம் வகுப்புக்கு மரபியலில் பட்டாணிச் செடிப் பாடம் நடத்தியிருந்தேன். ஒரு பண்பு இன்னொன்றின் கையைப் பிடித்துக்கொண்டு வர வேண்டியதில்லை என்று பலகையில் கட்டம் போட்டு விளக்கியிருந்தேன். பிள்ளைகளுக்குச் சொன்னதை நான் நம்பவில்லை. கண்ணாடியில் அப்பாவின் மூக்கைப் பார்த்து, நோயும் எனக்கு வந்துவிட்டது என்று முடிவு கட்டினேன். அதுவும் முழு உண்மை இல்லை. அத்தை அப்படிச் சொன்னதும் எனக்குள் ஓர் ஆறுதல் வந்தது. இனி யாரும் சிறுநீரகம் கொடுக்க என்னை ஆபரேஷன் மேசையில் படுக்கச் சொல்லமாட்டார்கள்.

அப்பா பதினோரு மாதம் இருந்தார்.

அதற்குப் பிறகு நான் தனியாக இருந்ததாக நினைவில்லை. குளிக்கும்போது என் கை தானாக விலாவுக்குக் கீழே போகும். அழுத்துகிற கை என்னுடையது என்று தோன்றாது. சாயங்காலம் மலையிலிருந்து இறங்கும் பஸ்ஸில், வெளியே இருட்டத் தொடங்கியதும், ஜன்னல் கண்ணாடியில் அவர் வந்து உட்கார்ந்துகொள்வார். நான் திரும்பினால் அவரும் திரும்புவார்.

மூன்று வருஷம் போனது. எனக்குப் பெண் பார்க்கப் போவதாக அம்மா சொன்னார். பிறக்கப்போகும் பிள்ளையை நினைத்துப் பயந்து, யாரிடமும் சொல்லாமல் சென்னைக்குப் போய்ப் பெரிய ஸ்கேனும் மரபணுப் பரிசோதனையும் செய்துகொண்டேன். சில வாரம் கழித்து முடிவு வந்தது. ஒரு கட்டிகூட இல்லை. அந்தக் குறையும் என் ரத்தத்தில் இல்லை.

சந்தோஷப்பட வேண்டும் என்று தெரிந்தது. காகிதத்தை மடித்துக்கொண்டு நேராக அத்தையிடம் போனேன். அவர் அப்போது டயாலிசிஸுக்கு வந்துவிட்டிருந்தார். இடது கையில் ஊசிகள்.

"எனக்கு இல்ல அத்தே."

"இன்னாது இல்ல?"

"அந்த நீர்க்கட்டி. எனக்கு வரல. இனிமேயும் வராதாம்."

வலது கையால் என் கன்னத்தை வழித்துத் தன் நெற்றிப் பொட்டில் வைத்து முறித்தார். ஊசி இல்லாத அந்த ஒரு கையைத்தான் அவரால் அசைக்க முடிந்தது. "என் ராசா! இத்தப் பாக்காம பூட்டானே என் தம்பி," என்றவர் பேச்சைப் பாதியில் நிறுத்தினார். என்னையே பார்த்தார்.

"அப்ப அன்னிக்கு..."

நான் காகிதத்தை இன்னொரு மடிப்பு மடித்தேன்.

"நான்தான வேணாம்னேன்?"

"நீ சொன்ன. எனக்கு பயம் அத்தே. நீ சொன்னது சௌரியமாப் பூட்ச்சு."

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. நர்ஸ் வந்து குழாயைப் பார்த்துவிட்டுப் போனார். அத்தை கண்ணை மூடிக்கொண்டார். தூங்கிவிட்டார் என்று நினைத்தேன்.

"எப்பிடியும் ஒனக்கு முன்னால நான் போவேன்," என்றார். "அவங்கிட்ட நான் சொல்லிக்கிறேன்."

என்ன சொல்வார் என்று கேட்க எனக்கு இன்னும் வாய் வரவில்லை. வாரம் இரண்டு நாள் டயாலிசிஸுக்கு நான்தான் அவரைக் கூட்டிப் போகிறேன்.